சாயக் கழிவுநீர் நிலையத்திலிருந்து முனைவர் பட்டத்துக்கு

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 28. சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, திருப்பூர் பக்கம் சாயக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தண்ணீர் தொடர்பாக பிஎச்.டி. செய்ய ஆசை. ஐரோப்பா, அமெரிக்கப் பேராசிரியர்கள் அறுபது எழுபது பேருக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு பேர் "இப்போது இடமில்லை" என்றார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. ஒரு கன்சல்டன்சிக்காரர் மூன்று லட்சம் கட்டினால் ஐரோப்பாவில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு ப்ராஜெக்ட் வேலை கிடைத்திருக்கிறது. "முதலில் சேருங்கள், பிறகு பிஎச்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். நான்கு வருடம் ஆய்வை விட்டு விலகியிருந்தது பெரிய குறையா? வெளிநாடு போவதா, இங்கேயே செய்வதா? வீட்டில் கல்யாணப் பேச்சும் ஓடுகிறது. பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயோடேட்டாவை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கம் முழுக்க எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்: இலைப்பொடியை வைத்துச் சாயத்தை உறிஞ்சவைத்தது, அதைக் கருத்தரங்கில் போஸ்டராக வைத்தது, அதற்குக் கிடைத்த சான்றிதழ். இரண்டாம் பக்கத்தின் அடியில், நான்கு ஆண்டு வேலைக்கு ஒரே ஒரு வரி: "தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதித்தல்." பதில் வராததற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆய்வு மாணவர் தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். இலைப்பொடி, தேங்காய் ஓடு, வாழைத்தண்டு என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சாயத்தை உறிஞ்சவைத்த விண்ணப்பங்கள் ஒவ்வொரு முறையும் கட்டுக்கட்டாக வரும். அதில் தவறில்லை. எம்.எஸ்சி. அளவில் ஆறு மாதத்தில் அதைத்தான் செய்ய முடியும். ஆனால் நீர் மறுபயன்பாட்டு நிலையத்தில் தினமும் வேலை பார்த்தவர் அந்த மேஜைக்கு வருவது அபூர்வம். நீங்கள் குறை என்று கேட்கிற அந்த நான்கு ஆண்டுகள்தான் உங்கள் விண்ணப்பத்தின் பலம்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கே அது பழகிப்போய்க் கண்ணில் படாமல் இருக்கிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு ஏராளமாக வேண்டும். அந்த உப்பு முழுக்கக் கழிவுநீரோடு வந்துவிடுகிறது. பாக்டீரியா சி.ஓ.டி.யை, அதாவது தண்ணீரில் உள்ள கரிம மாசின் அளவை, குறைக்கும், உப்பைத் தொடாது. இந்த உப்புதான் நொய்யல் ஆற்றையும் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறை திருப்பூரில் நடைமுறைக்கு வந்தது. உயிரியல் சுத்திகரிப்பு, அதன் பிறகு மெம்பிரேன் என்ற சவ்வால் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புநீரான ரிஜெக்ட்டை வற்றவைக்க எவாப்பரேட்டர், கடைசியில் படிகமாக்குதல். நல்ல தண்ணீரும் ஓரளவு உப்பும் ஆலைக்கே திரும்புகின்றன. யாருக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் தங்கிவிடுகிறது.

ஒரு தொழில் நகரமே இந்த முறையில் இயங்குவது உலகில் அரிது. மற்ற இடங்களில் இப்போதுதான் இதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கிறார்கள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த 'ஜீரோ பிரைன்' என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் 2017-ல் தொடங்கி 2021 வரை நடந்தது. தொழிற்சாலை உப்புநீரிலிருந்து உப்பையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி பயன்படுத்துவதுதான் அதன் நோக்கம். அதன் களங்களில் ஒன்று துருக்கியில் ஒரு ஜவுளி ஆலை. அவர்கள் மாதிரி அளவில் நடத்திப் பார்த்ததை நீங்கள் ஷிஃப்ட் முறையில், மெம்பிரேன் அடைத்துக்கொண்ட நாளிலும் மின்சாரம் போன நாளிலும், பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலையாக, யாருக்கும் மெயில் அனுப்பாமல், ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த நிலையத்தில் உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு கேள்வி என்ன? உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்: "நான் வேலை செய்யும் நிலையத்தில் ஆர்.ஓ. மெம்பிரேன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அடைக்கிறது. கழுவும் இடைவெளி சில மாதங்களில் மட்டும் குறைகிறது. ஆலைகள் அந்த மாதங்களில் எடுக்கும் ஆர்டரின் சாய வகைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா என்று சந்தேகப்படுகிறேன். உயிரியல் கட்டத்தைத் தாண்டி வரும் எந்தக் கரிமப் பொருள் மெம்பிரேனில் ஒட்டுகிறது என்று தெரிந்தால் முன்சுத்திகரிப்பை மாற்ற முடியும்." இது நான் கற்பனையாக எழுதியது. உங்களுக்கு வேறு கேள்வி இருக்கும், அது இதைவிட நன்றாகவும் இருக்கும். இந்த மாதிரி ஐந்து வரியைப் படித்தால், தேர்வுக் குழுவில் இருப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். "சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும் என்ற தீராத ஆர்வம் சிறு வயது முதலே எனக்கு உண்டு" என்று தொடங்கும் உங்கள் தற்போதைய கடிதத்துக்கு அந்தச் சக்தி இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் அளவீடுகள் உங்கள் சொத்து அல்ல. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு எண்ணைக்கூட விண்ணப்பத்தில் போடாதீர்கள், லாக்புக்கைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நிலையத்தின் பெயர் இல்லாமல், எண்கள் இல்லாமல் கேள்வியை மட்டும் எழுத முடியும். சொல்லப்போனால், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்த ஆளைத்தான் தொழிற்சாலையோடு சேர்ந்து வேலை செய்யும் ஆய்வுக் குழுக்கள் தேடுகின்றன.

அடுத்து, அந்த அறுபது மெயில்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு என்பது சம்பளத்தோடு கூடிய ஒரு வேலை. பேராசிரியரிடம் ஒரு திட்டத்துக்குப் பணம் வரும். அந்தத் திட்டத்தின் ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக ஒரு பணியிடத்தை விளம்பரம் செய்வார்கள், கடைசித் தேதி போடுவார்கள், நேர்காணல் வைப்பார்கள். பணியிடம் இல்லாதபோது எவ்வளவு நல்ல மெயில் வந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பதில் வரவில்லை என்பதை வைத்து உங்கள் தகுதியை எடைபோடாதீர்கள். விளம்பரமான இடத்துக்கு, அந்த விளம்பரத்தில் உள்ள கேள்விக்குப் பதில் சொல்லும்படி விண்ணப்பியுங்கள். வருடத்துக்கு எட்டு பத்து விண்ணப்பம் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் செலவிடுங்கள்.

நெதர்லாந்தில் இது வழக்கமாக நான்கு ஆண்டு வேலை. முதலில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, வேலை திருப்தியாக இருந்தால் மீதியை நீட்டிப்பார்கள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். ஜெர்மனியில் பெரும்பாலும் மூன்று ஆண்டு. 'இ13' என்ற சம்பள நிலையில் 65 சதவீதம் என்பது போல விளம்பரத்தில் இருக்கும். சம்பளம்தான் 65 சதவீதம், உழைப்பு முழு நேரமாகவே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஸ்வீடனில் நான்கு ஆண்டு ஆய்வு. அதோடு கற்பித்தல் பணியும் சேர்ந்தால் ஐந்தாகும். அமெரிக்காவில் நிலைமை வேறு: அங்கே துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஐந்தாறு ஆண்டு ஆகும், விண்ணப்பக் கட்டணமும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். உங்கள் கேள்விக்கு ஐரோப்பாவே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

தேடும்போது பல்கலைக்கழகத் தரவரிசையை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். தண்ணீர்த் துறையில் முக்கியமான இடங்கள் பல அந்தப் பட்டியலிலேயே வராது, ஏனென்றால் அவை தாமாகப் பட்டம் தருவதில்லை. சுவிட்சர்லாந்தில் சூரிச் பக்கத்தில் ட்யூபென்டார்ஃபில் இருக்கும் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் அப்படி ஒன்று. அங்கே ஆய்வு செய்பவர்கள் இ.டி.எச். சூரிச் போன்ற பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து பட்டம் வாங்குகிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக்கில் உள்ள யு.எஃப்.இசட். என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் அப்படியே. உங்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது நெதர்லாந்தின் லேவார்டனில் உள்ள வெட்சஸ். நீர்த் தொழில்நுட்பத்துக்கே ஆன ஆய்வு மையம். நிறுவனங்கள் பணம் போட்டு, தங்கள் பிரச்சினைகளையே ஆய்வுத் தலைப்பாக வைப்பதால், நிலையத்தில் வேலை பார்த்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. சவுதியில் செங்கடல் ஓரத்தில் உள்ள காஸ்ட் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள். உப்புநீக்கத்தில் பலமான இடம், சேர்க்கை கிடைத்த எல்லோருக்கும் உதவித்தொகையும் உண்டு.

மரீ கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் முனைவர் பட்ட வலையமைப்புகள் என்று ஒரு வகை இருக்கிறது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு நிபந்தனை முக்கியம்: பணியிடம் இருக்கும் நாட்டில், கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. திருப்பூரை விட்டு நகராத உங்களுக்கு இந்த விதி சாதகம். அங்கேயே முதுகலை படித்து வேலை தேடும் பலர் இதே விதியால் வெளியே நிற்கிறார்கள். இந்த விளம்பரங்கள் எல்லாம் யூராக்ஸஸ் தளத்தில் வரும், நெதர்லாந்து இடங்களுக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர். இரண்டும் இலவசம்.

இலவசம் என்றதும் அந்த மூன்று லட்சத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உங்களுக்குச் சம்பளம் தரும் ஆய்வுப் பணியிடத்துக்கு நடுவில் தரகர் எவரும் கிடையாது, தேர்வு செய்பவர் நேரடியாக உங்களிடம்தான் பேசுவார். சொந்தச் செலவில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அங்கே ஒரு சேர்க்கைக் கடிதத்தை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு அந்த ஆள் நகர்ந்துவிடுவார். பிறகு கல்விக் கட்டணம், தங்கும் செலவு, ரசாயனச் செலவு எல்லாம் உங்கள் அப்பாவின் தலையில் விழும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டை அடமானம் வைத்துப் போய், இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கையில் இருக்கும் ப்ராஜெக்ட் வேலை. "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதை நம்பி இப்போதைய வேலையை விடாதீர்கள். சொன்னவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நல்ல எண்ணத்தோடே சொல்லியிருப்பார். ஆனால் மாற்றுவது அவர் ஒருவர் கையில் இல்லை. அவரிடம் மரியாதையாக மெயில் போட்டுக் கேளுங்கள்: ப்ராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது, நீட்டிப்புக்கு வாய்ப்பு உண்டா? ப்ராஜெக்ட் பணியில் இருப்பவர் அந்த நிறுவனத்தில் பிஎச்.டி. பதிவு செய்ய விதி இடம் தருகிறதா, நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வு தேவையா? அவரிடம் இடம் காலியாக உள்ளதா? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிப்படி பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். எட்டு பேர் ஏற்கெனவே இருந்தால் நல்லெண்ணத்தால் பயனில்லை. ப்ராஜெக்ட் முடிந்தபின் உங்கள் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாக எழுத்தில் பதில் போடும் ஆள் என்றால், அவர் நல்ல கைடு என்பதற்கு அதுவே ஓர் அடையாளம். கேட்டதற்கே முகம் சுளித்தால், ஐந்து ஆண்டு அவரோடு எப்படி இருக்கப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் வழிகாட்டிய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் போனில் பேசுங்கள். மெயிலில் உண்மை வராது. எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நடுவில் விட்டுப்போனவர் உண்டா, களத்துக்கும் மாதிரி எடுப்பதற்கும் யார் பணம் கொடுத்தது, கட்டுரையில் பெயர் எந்த இடத்தில் வந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டு இடத்துக்கும் இதையே செய்யுங்கள். நேர்காணலின் கடைசியில் "உங்கள் குழுவில் உள்ள மாணவர் ஒருவரோடு பேசலாமா?" என்று கேட்பது அங்கே சகஜம்.

இந்தியாவிலேயே செய்வதென்றால், உங்கள் கையில் சொந்த உதவித்தொகை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ப்ராஜெக்ட் பணம் கைடுடைய பணம், நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை உங்கள் பணம். பின்னது இருந்தால் நீங்கள் கைடைத் தேர்ந்தெடுக்கலாம், தலைப்பைப் பேசித் தீர்க்கலாம். யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு பாடம். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு வரை தளர்வு உண்டு. எனவே 28 வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் நிலைக்குப் போனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி வந்தாலும், அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும். கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் தனித் தாளாக வந்துவிட்டது. ஐ.ஐ.டி. பக்கம் போக நினைத்தால் அதையும் எழுதுங்கள்.

எங்கே என்று கேட்டால், சென்னையில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் உங்களுக்குத் தெரிந்தவை. தோல் கழிவுநீரில் நீண்ட அனுபவமுள்ள சி.எல்.ஆர்.ஐ. என்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னையில்தான். நம் பிள்ளைகள் பலர் யோசிக்காத இடம் ஒன்று சொல்கிறேன்: குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். 1954-ல் தொடங்கியது. உப்பும் மெம்பிரேனும்தான் அவர்கள் தொழிலே. திருப்பூர்க் கொட்டகையில் கிடக்கும் கலப்பு உப்பைப் பற்றிப் பேச இந்தியாவில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. அங்கேயும் பட்டம் தருவது ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்ற தனி அமைப்பு, நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ. எல்லாவற்றுக்கும் அதுவே. ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை உண்டு. ஊர் தூரம், சாப்பாடு வேறு, மொழி வேறு என்று வீட்டில் சொல்வார்கள். நெதர்லாந்து அதைவிடத் தூரம்தானே!

வெளிநாடா, இங்கேயேவா என்ற உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தயாராகுங்கள். நெட் தேர்வுக்குப் படிப்பதும் ஐரோப்பிய விளம்பரங்களுக்கு எழுதுவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் அல்ல. ஓராண்டு இப்போதைய வேலையிலேயே இருங்கள். பணமும் வரும், கேள்வியும் கூர்மையாகும். அந்த ஓராண்டில் எது முதலில் உறுதியான சம்பளத்தோடும் நல்ல நெறியாளரோடும் வருகிறதோ, அங்கே போங்கள். நாடு எது என்பது அதற்கு அப்புறம்.

வீட்டுப் பேச்சு பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது. அது உங்கள் முடிவு. ஆனால் அம்மா அப்பாவிடம் பேசும்போது உதவும் சில விவரங்கள்: நெதர்லாந்து, ஸ்வீடனில் ஆய்வு மாணவர் ஊழியர் என்பதால் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. இங்கேயும் 2022-ன் யு.ஜி.சி. விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, முடிப்பதற்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. "படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் ஒரு மாதிரி கேட்பார்கள், "நான்கு வருட வேலை, இவ்வளவு சம்பளம்" என்றால் வேறு மாதிரி கேட்பார்கள். உண்மையும் இரண்டாவதுதான்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதம். மூன்று பேராசிரியர் பெயர் போட்டிருக்கிறீர்கள். உங்களை வகுப்பில் பார்த்தவர்கள் அவர்கள், நான்கு ஆண்டு ஆகிவிட்டது, பொதுவாகத்தான் எழுதுவார்கள். எம்.எஸ்சி. நெறியாளரை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு நிலைய மேலாளரைப் போடுங்கள். இரவு ஷிஃப்டில் அளவு தவறாக வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவரால் எழுத முடியும். நீங்கள் வெளியே போக நினைப்பது அவருக்குத் தெரியக் கூடாது என்று தயங்குவீர்கள். முன்கூட்டியே, நிதானமாக, நேரில் சொல்லுங்கள். அளவீடுகளுக்கான அனுமதியையும் அதே பேச்சில் கேட்டுவிடலாம்.

நான் கேட்ட அந்த ஒரு பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். முதலில் தமிழிலேயே எழுதினாலும் சரி. படித்துவிட்டு, எந்த விளம்பரத்துக்கு அது பொருந்தும் என்று சொல்கிறேன்.